லயக் காம்பிராவும் நிழற்படக் கருவியும்

அரசர் வரலாற்றை எழுதப் புகுவோருக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு, மெய்க்கீர்த்தியும் உண்டு. கூலிக்கு உழைத்தவர் எத்தகைய கூரையின் கீழ்ப் படுத்துறங்கினர், அவ்வறையின் நீள அகலம் யாது, அடுப்புப் புகை வெளியேற வழி இருந்ததா என்று அறிய விழைவோருக்கு இவற்றுள் ஒன்றும் கைகொடாது. அக்குறையைக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஓரளவேனும் தீர்த்து வைத்தது நிழற்படக் கருவி. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற மக்கள் நெருக்குண்டு வாழ்ந்த வீடுகளை அக்கருவி ஓரிடத்தில் ஊரறியக் காட்டியது. காட்டியதன் பயனாய்ச் சட்டமும் மாறியது. எம் மலையகத்திலோ அதே கருவி அதே காலத்தில் வந்தும் லயத்தின் வாசலோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் வில்கமுவையைச் சுற்றிலும் வயலும் காடும் யானைத் தொல்லையுமே. லயம் என்பதைக் காண வேண்டுமாயின் நக்கிள்ஸ் மலையைக் கடந்து இரத்தோட்டைப் பக்கம் இறங்க வேண்டும். ஆயினும் மாத்தளை மாவட்டத்தார் எவரும் இவ்விடயத்தைத் தமக்குத் தொலைவானதென்று ஒதுக்கிவிட முடியாது. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் வடக்குப் பாதை வழியே காடு கடந்து கால்நடையாய் வந்து சேர்ந்த மலைவாயில் மாத்தளையே. வாந்திபேதியாலும் பசியாலும் அப்பாதையில் மடிந்தோர் பலர். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனியும் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையிலேயே நிறைவெய்தியது.

முதலில் நியூயோர்க் நகரம் செல்வோம். டென்மார்க்கிலே றிபே என்னும் சிற்றூரில் ஒரு பாடசாலை ஆசிரியருக்கு மகனாய் 1849இற் பிறந்தவர் ஜேக்கப் றீஸ். 1870இல் அமெரிக்கா போந்தார். தச்சுவேலை அறிந்தும் நிலையான தொழில் கிடையாமல் அலைந்தார். படுக்க இடமின்றிப் பொலிசார் நடத்திய இரவு விடுதியிலே தரையிற் கிடந்தார். 1877இற் பத்திரிகை நிருபரானார். பொலிஸ் தலைமையகத்துச் செய்தி திரட்டுவது அவர் பணி. அத்தலைமையகம் இருந்த மல்பெரி வீதியைச் சுற்றியே இத்தாலியர், ஐரிஷ்காரர், யூதர், சீனர் என வந்தேறிய மக்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருங்கிக் கிடந்தனர். அவ்வாண்டுகளில் அந்நகரில் ஏறத்தாழ 37,000 குடியிருப்புக் கட்டடங்களும் அவற்றுள் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் இருந்தனர். கட்டடத்தின் நடுவே அமைந்த அறைகளுக்குச் சாளரமே கிடையாது. பகலிலும் இருள்.

றீஸ் எழுதினார், மீண்டும் மீண்டும் எழுதினார். எழுத்தை எவரும் நம்பவில்லை. இருட்டறையைப் படம்பிடிக்க அந்நாட் கருவிக்கு இயலவும் இல்லை. 1887இல் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி மின்னலெனப் பேரொளி எழுப்பும் முறை ஜெர்மனியிற் கண்டறியப்பட்டது. அச்செய்தியைப் படித்த மாத்திரத்தே அவர் நகரச் சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த வைத்தியர் நேகிளையும், நிழற்படக் கலை பயின்ற பிப்பார்ட், லோறன்ஸ் என்னும் இருவரையும் துணைக்கொண்டு நள்ளிரவிற் புறப்பட்டார். பின்னர்த் தாமே கருவி வாங்கிக்கொண்டார். பொடியை ஒரு பொரிசட்டியில் வைத்துக் கொளுத்தினார். இருமுறை வீட்டிலும் ஒருமுறை தம் உடலிலும் தீப்பற்ற வைத்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

1888இல் அப்படங்களைக் கண்ணாடித் தகடுகளாக்கி, மாய லாந்தர் கொண்டு தேவாலய மண்டபங்களிற் காட்டி விரிவுரை நிகழ்த்தினார். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இச்செய்தி தனி வியப்பைத் தந்தது. மாய லாந்தர் என்றால் பாலஸ்தீன நாட்டுக் காட்சிகளை வெள்ளைத் துணியில் விழுத்துவது என்றே நாம் கேள்விப்பட்டிருந்தோம். அதே விளக்கு, அதே துணி. அதில் விழுந்ததோ அடுத்த தெருவில் ஐந்து சதம் கொடுத்து ஒரே அறைத் தரையிற் கிடந்த மனிதரின் முகம். 1890இல் ‘மறுபாதியினர் வாழும் விதம்’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் நூல் வெளிவந்தது. பின்னாளிற் குடியரசுத் தலைவராகிய தியடோர் ரூஸ்வெல்ட் பொலிஸ் ஆணையாளராயிருந்தபோது றீசுடன் இரவிலே வீதிவலம் வந்தார்; பொலிஸ் விடுதிகள் 1896இல் மூடப்பட்டன. மல்பெரி வளைவு என்னும் பாழ்குடியிருப்பு இடிக்கப்பட்டு 1897இற் பூங்காவாயிற்று.

இவ்விடத்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் தனியே நின்று இவற்றைச் சாதிக்கவில்லை. 1900ஆம் ஆண்டு அந்நகரில் ஒரு குடியிருப்புக் கண்காட்சி நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நிழற்படங்களோடு ஒரு தெருக்கட்டு முழுவதும் அட்டையிற் செய்து வைக்கப்பட்டிருந்தது. அக்கட்டில் 39 கட்டடங்கள், 605 வீடுகள், 2,781 மனிதர். அத்தனை பேருக்கும் 264 மலகூடங்கள். படமும் இருந்தது, எண்ணிக்கையும் இருந்தது, வீட்டுச் சொந்தக்காரன் பெயரும் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே, 1901இல், ஒவ்வோர் அறைக்கும் சாளரமும் ஒவ்வொரு வீட்டுக்கும் மலகூடமும் புதுக் கட்டடங்களுக்கு வேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது.

றீஸ் இத்துறையில் முதல்வரும் அல்லர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சந்துகளை 1868 முதலாகத் தொமஸ் அனன் என்பவர் படம்பிடித்தார். நகர மேம்பாட்டு நிறுவனம் அவ்விடங்களை இடிக்குமுன் அடையாளத்துக்காக அவரை அமர்த்தியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1867இல், மற்றொரு ஸ்கொட்லாந்துக்காரராகிய ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரிற் தேயிலை நாட்டினார். கிளாஸ்கோவுக்கும் எம் மலைக்கும் உள்ள உறவு அத்தோடு முடியவில்லை. அந்நகரின் கோர்பல்ஸ் பகுதியில், அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த பெற்றோருக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பொன்றிற் பிறந்த பிள்ளைதான் தொமஸ் லிப்டன். அவரும் இளமையில் அமெரிக்கா சென்று கூலிவேலை செய்து திரும்பியவர். 1871இற் கிளாஸ்கோவில் மளிகைக்கடை திறந்து, 1890இல் இலங்கை வந்து தோட்டங்களை வாங்கினார்.

1890! றீசின் நூல் வெளிவந்த ஆண்டும் அதுவே. கொழும்பிலே பிளாட்டே நிழற்பட நிறுவனம் தொடங்கியதும் அவ்வாண்டே. வந்தேறிக் குடும்பத்திற் பிறந்து, நெருக்கக் குடியிருப்பு இன்னதென்று உடம்பால் அறிந்த ஒருவர் கையில் மலைநாட்டுத் தோட்டங்கள் வந்தன. படம்பிடிக்க ஆளும் கருவியும் கொழும்பிலேயே இருந்தன. றீஸ் தம் பழைய வறுமையை நினைந்து கருவியை எடுத்தார். லிப்டனின் விளம்பரங்களிலோ கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் வந்தாள்; கூடை வந்தது, வெள்ளிமணி போன்ற சிரிப்பும் வந்தது. அவள் மாலையிற் திரும்பிச் செல்லும் காம்பிரா வரவில்லை. அவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. தேயிலை விற்ற எல்லாரும் செய்தது அதுவே.

அந்தக் காம்பிரா எத்தகையது? மூத்தோர் அறிவர், இளைஞர் பொருட்டுச் சொல்கின்றோம். கோப்பிக் காலத்திலே தொழிலாளர் பருவத்துக்கு வந்து பழம் பறித்துவிட்டுத் தாயகம் திரும்பினர். சில மாதம் தங்கும் கூட்டத்துக்கு நெடுங்கொட்டில் போதுமென்று துரைமார் எண்ணினர். 1869இற் கோப்பியில் இலைநோய் தலைகாட்டிச் சில ஆண்டுகளில் அப்பயிரை அழித்தது. தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாய்க் குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. தொழில் மாறிற்று, தங்கும் காலம் மாறிற்று, கொட்டிலின் இலக்கணம் மட்டும் மாறவில்லை. மண்சுவர் கற்சுவராயிற்று, புற்கூரை தகரமாயிற்று, அவ்வளவே. பத்துப் பன்னிரண்டு காம்பிராக்கள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை. பின்சுவரில் சாளரம் வைக்க இடமே இல்லை. நியூயோர்க்கின் நடுவறைகளுக்கு இருந்த அதே குறை! அதிகாலையிற் பிரட்டுக்கு ஆட்களை ஒரே கூப்பாட்டில் திரட்டுவதற்கு வரிசை வீடு வசதியாயிருந்தது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். ஒரு பருவத்துக்கெனக் கட்டிய கொட்டில் நான்கைந்து தலைமுறைக்கு வீடாயிற்று.

இனி, நம் நாட்டில் கருவி பிடித்தோரைப் பார்ப்போம். அவர்களுட் பெரும் புகழ் படைத்தவர் ஜூலியா மார்கிறற் கமரூன் அம்மையார். கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழு என்று பாடப்புத்தகத்திற் படிக்கிறோமே, அக்கமரூனின் மனைவியார் இவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இற் குடும்பம் இலங்கையில் வந்து தங்கியது. களுத்துறையில் இருந்தபோது அம்மையார் உழைப்பாளிகளையும் ஏழை மக்களையும் படம்பிடித்தார். அவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அப்படங்களில் இகழ்ச்சி சிறிதும் இல்லை. ஆங்கிலப் பெரும்புலவரைப் பிடித்த அதே கண்ணோடு எளியோரையும் பிடித்தார் எனல் பொருந்தும். ஒரு படத்தின் அடியில், பெண்ணுக்கு வயது 12 என்றும், அவள் தந்தையென நின்ற முதியவர் தமக்கு வயது 100 எனச் சொன்னாரென்றும் குறிப்பு உண்டு. வயதைக் கேட்டு எழுதிய கை பெயரை எழுதவில்லை. 1879இல் அவர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மறைந்து, பொகவந்தலாவையிற் துயில்கொள்கின்றார். சுற்றிலும் தோட்டங்கள், தோட்டந்தோறும் லயங்கள்.

அவருக்குப் பின் வந்த நிழற்பட நிலையத்தார் அஞ்சலட்டைகளுக்காகப் படம் எடுத்தனர். கப்பலில் வந்திறங்கும் வெள்ளையர் வாங்கிப் போகும் பொருளாயிற்றே! பச்சை மலையும் கூடை சுமந்த மங்கையும் விலைபோயின; தகரக்கூரை விலைபோகாது. 1934இல், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் ‘சோங் ஒப் சிலோன்’ என்ற புகழ்பெற்ற திரைப்படத்தை பசில் றைற் எடுத்தார். கலைத்திறத்தால் உலகப் பாராட்டைப் பெற்ற அப்படத்தில் புத்த யாத்திரையும் கண்டியக் கிராமமும் நடனமும் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டன. தேயிலையின் காசு, தேயிலைக்காரனின் வீட்டைத் தேடவில்லை.

கலைஞர் மனம் கல் என்று இதற்குப் பொருளன்று. காரணம் வேறு. நியூயோர்க் குடியிருப்பின் வாசல் பொதுத்தெருவிலே இருந்தது. நிருபர் நுழையலாம், சுகாதார அதிகாரி நுழையலாம். லயமோ தோட்டத்துக்குள்ளே, துரையின் நிலத்திலே இருந்தது. அவர் அனுமதியின்றி உள்ளே வந்த வெளியாள் அத்துமீறியவன். சட்டம் துரையின் பக்கம். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் தோட்ட நிலையை அறியத் துணிவியாபாரி வேடம் பூண்டே லயங்களுக்குட் புகுந்தார். துணிமூட்டையோடு நுழைந்தவர் முக்காலியும் கருவியும் பொடிச்சட்டியும் சுமந்து நுழைந்திருக்க முடியுமா? அவர் கண்டதைப் பத்திரிகையில் எழுதினார். அவர் மனைவியார் மீனாட்சியம்மை பாட்டாய்ப் பாடினார். 1931இல் அவர் தொழிற்சங்கம் அமைத்தார். எழுத்தும் பாட்டும் சங்கமும் கிடைத்தன. இருட்டுக் காம்பிராவின் படம் கிடைக்கவில்லை.

மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. றீசின் படத்தைக் கண்டு வெட்கிய மனிதன் அதே நகரத்தான். அவன் வாக்கு நகரசபையை அசைக்கும்; குடியிருப்பில் வாழ்ந்த இத்தாலியனும் சில ஆண்டில் வாக்காளனாவான். எம் லயத்தில் விளைந்த தேயிலையைக் குடித்தவன் கடலுக்கு அப்பால் இருந்தான். லயத்தில் வாழ்ந்தவனுக்கோ 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வாக்கையே இல்லாமற் செய்தன. கேட்பாரில்லாதவன் வீட்டைப் படம்பிடித்து எந்தச் சபையில் வைப்பது? 1970களில் பிரிட்டனின் கிரனடா தொலைக்காட்சி நம் தோட்டத்து வறுமையைப் படமாக்கித் தேநீர் குடிப்போர் வீட்டுக்குள்ளேயே காட்டியபோதுதான் அந்நாட்டுக் கம்பனிகள் பதில்சொல்ல நேர்ந்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. லயம் எல்லார் காலத்திலும் இருந்தது.

றீசைக் குற்றமற்றவராக வைத்து நாம் பூசிக்க வரவில்லை. உறங்கிக் கிடந்த ஏழைகள்மேல் சொல்லாமற் கொள்ளாமல் வெடியொளி பாய்ச்சினார்; திடுக்கிட்டெழுந்த அவர்கள் முகத்தையே ஊருக்குக் காட்டினார். சீனரையும் யூதரையும் இத்தாலியரையும் பற்றி அவர் நூலில் உள்ள சில பகுதிகள் இன்று வாசிக்க முகஞ்சுளிக்க வைப்பன. அவ்வழியிற் பின்வந்த லூயிஸ் ஹைன் என்பவரையே நாம் மேலாகக் கொள்வோம். எலிஸ் தீவில் வந்திறங்கிய மக்களையும் 1908 முதல் ஆலைகளில் உழைத்த சிறுவரையும் அவர் படம்பிடித்தார். பிள்ளையின் பெயரையும் வயதையும் கேட்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு உயரத்தையும் கணித்தார். சட்டைப்பைக்குள் கைவிட்டு இரகசியமாய்க் குறித்துக்கொண்டார். நூறு வயது முதியவரின் பெயரை எழுதாத குறிப்போடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

லயத்தைத் தேடிக் கமராக்கள் வராமலே போகவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியபோது உலகத்துக் கமராக்கள் எல்லாம் வந்தன. லயம் மண்ணுக்குள் போனபின்பே வந்தன. அதன்பின் தனிவீடும் 7 பேர்ச் காணியும் என்ற பேச்சு வலுத்தது. இந்திய உதவியோடு முதலில் 4,000, பின்னர் 10,000 வீடுகளெனத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. சில மலைச்சரிவுகளில் தனிவீடுகள் எழுந்துள்ளன. பல குடும்பங்கள் இன்னும் காம்பிராவிலேயே உள்ளன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்து ராமன்துரைப் பிரிவில் 2007இல், பழைய லயமொன்றையே தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாக்கினர். சங்க இளைஞர் அடுத்த சுற்றுலாவுக்கு நுவரெலியாப் பூந்தோட்டத்தைத் தெரிவு செய்யுமுன் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வகைப் படம் எல்லா லயத்துக்குள்ளும் நுழைந்தது. அதனை எடுக்க எந்தக் கலைஞரும் வரவில்லை. இரண்டு அரசுகள் அழைத்தன. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்த் தீர்ப்பதற்கு என்று பிரித்தது. போகவேண்டியவர்க்குக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்கு நிழற்படம். தம் வாழ்நாளில் ஒருமுறையும் கருவிமுன் நில்லாத பாட்டன் பாட்டிமார் அதற்காகத் தலைவாரி நின்றனர். இரத்தோட்டைப் பக்கத்து உறவினர் காம்பிராவில், முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவே, அத்தகைய படமொன்று சட்டமிட்டு மாட்டியிருக்கக் கண்டோம். படத்திலுள்ள அண்ணன் குடும்பம் கப்பலேறியது. தம்பி குடும்பம் இங்கேயே தங்கியது. பின்னால் வெள்ளைத் துணி கட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். துணி அகலம் போதவில்லை. வலப்பக்க ஓரத்தில் ஒரு விரலளவு லயத்துச் சுவரும், புகைபிடித்த கதவு நிலையும், எட்டிப்பார்க்கும் ஒரு பிள்ளையின் காலும் விழுந்திருக்கின்றன. அந்தக் கால் யாருடையதென்று வீட்டு அப்பாயியைக் கேட்டோம். உடனே பெயர் சொன்னார். பெயர்களையெல்லாம் அவர் சொல்லச் சொல்லப் படத்தின் பின்புறத்திற் பென்சிலால் எழுதி, ஆண்டையும் குறித்து, மீண்டும் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தோம்.